றெபெக்காவின் குற்றம்: காதற் புனைகதையும் சொத்துரிமையும்

காதற் புனைகதைகளிலே கணவனின் பிறழ்வு கடந்துபோன சம்பவமாகவும் மனைவியின் பிறழ்வு அவளது பிறவிக் குணமாகவும் சித்திரிக்கப்படுவது பெருவழக்கு. சார்லட் புறொன்ரியின் ‘ஜேன் அயர்’ (1847) நாவலில், றொச்செஸ்ரர் தன் ஆசைநாயகியர் மூவரைப் பற்றித் தானே எடுத்துரைத்துக் கதாநாயகியின் பரிவைப் பெற்றுவிடுகிறான். மேல்மாடியில் அடைக்கப்பட்டிருக்கும் மனைவி பேர்த்தாவின் ஒழுக்கத்தைப் பற்றியோ அவன் கூற்றையன்றி வேறு சான்று நமக்குக் கிடைப்பதில்லை.

இவ்வழக்கின் அடித்தளம் யாது என்பதை டாப்னி டு மோரியேயின் ‘றெபெக்கா’ (1938) வெளிப்படையாகவே காட்டுகிறது. மாண்டர்லி மாளிகையின் உரிமையாளன் மாக்சிம், தன் முதல் மனைவி றெபெக்காவைச் சுட்டுக்கொன்றவன். பிற ஆடவருடன் அவள் கொண்ட உறவுகளே கொலைக்குக் காரணமெனப் பொதுவாக வாசிக்கப்படுகிறது. நாவல் அவ்வாறு கூறவில்லை. திருமணமாகி ஐந்தாம் நாளிலேயே அவன் அவளை அறிந்துகொள்கிறான். குடும்பப் பெயரையும் மாளிகையின் மதிப்பையும் கருதி மௌனஞ் சாதிக்கிறான். வேறொருவனின் குழந்தை மாண்டர்லிக்கு வாரிசாகக்கூடும் என அவள் எள்ளிநகைக்கும்போதே சுடுகிறான். ஆக, தண்டிக்கப்படுவது ஒழுக்கக்கேடன்று; நிலவுடைமையின் வழியுரிமைக்கு நேர்ந்த அச்சுறுத்தலே. (அவள் கருவுற்றிருக்கவில்லை, புற்றுநோயுற்றிருந்தாள் என்பது பின்னரே மருத்துவர் வாயிலாகத் தெரியவருகிறது.)

கதையைச் சொல்பவள் இரண்டாம் மனைவி; அவளுக்கு நாவலிற் பெயரே இல்லை. கணவன் கொலையை ஒப்புக்கொள்ளும் வேளையில் அவள் மனத்தை நிறைப்பது திகிலன்று. அவன் றெபெக்காவை ஒருபோதும் நேசித்ததில்லை என்ற நிம்மதி. வாசகரும் அந்நிம்மதியிற் பங்குகொண்டு, அவன் சட்டத்திற்குத் தப்பவேண்டுமென விரும்பத் தொடங்குகின்றனர். ஆசிரியை இந்நாவலைப் பொறாமை பற்றிய ஆய்வாகவே கருதினார். விற்பனைக்கு வந்ததோ காதற்கதையாக. 1940இல் ஹிச்கொக் இதனைத் திரைப்படமாக்கியபோது, கொலைகாரன் தண்டனையின்றித் தப்பலாகாது என்ற ஹொலிவூட் தணிக்கை விதியின் பொருட்டு, றெபெக்காவின் மரணம் விபத்தாக மாற்றப்பட்டது. வாசகர் பொறுத்துக்கொண்ட கொலையைத் தணிக்கையாளர் பொறுக்கவில்லை என்பது சிந்தனைக்குரியது.

பேர்த்தாவின் பக்கத்தைச் சொல்ல ஒரு நூற்றாண்டுக்குமேல் சென்றது. ஜீன் றீஸின் ‘வைட் சர்காசோ சீ’ (1966) அவளுக்கு அன்ரொய்னெற் என்ற பெயரையும் மேற்கிந்தியத் தீவுகளிற் கழிந்த இளமையையும் மீட்டளிக்கிறது. அங்கே கணவன் பணிப்பெண்ணுடன் கூடுவது, மனைவியின் காதுக்கு எட்டும்படி, மெல்லிய தடுப்பொன்றுக்கு அப்பால். அதற்கு முன்னரே அவனை விட்டு நீங்கும்படி தாதி கிறிஸ்ரொஃபீன் அவளுக்கு அறிவுரை கூறியிருந்தாள். தன்னிடம் பணமில்லை, ஆங்கிலச் சட்டப்படி யாவும் அவனுக்கே உரியன என்பதே அன்ரொய்னெற் அளிக்கும் விடை.