சுருளின் உதைப்பை அடக்கும் சுற்று

துடிப்பு மோட்டாரில், சக்கரத்தில் பதித்த காந்தம் சுருளைத் தாண்டும் கணத்தில் மட்டும் மின்னோட்டம் பாய்ந்து அதைத் தள்ளுகிறது. அக்கணத்தை உணர்வது, கண்ணாடிக் குழலுக்குள் அடைத்த காந்த ஆளியான ரீட் ஆளி. சுருளின் மின்னோட்டத்தைத் தாங்குவது 2என்3055 திரான்சிற்றர். பேராதனைப் பொறியியற் பீடத்தின் மாணவர் முதல் கண்டியில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பவர் வரை எவரும் மேசையில் செய்துபார்க்கத்தக்க அருமையான சுற்று இது.

நுட்பமெல்லாம் நிறுத்தும் கணத்தில்தான். மின்னோட்டம் அறுந்ததும் சுருளில் தேங்கிய ஆற்றல் நூற்றுக்கணக்கான வோல்ற்றாக எழலாம். ரீட் ஆளியே நேரடியாக அறுத்தால் கண்ணாடிக்குள் நீலப்பொறி தெறிக்கும். தொடுமுனைகள் குழிவிழுந்து ஒட்டிக்கொள்ளும். திரான்சிற்றருக்கோ 60 வோல்ற்றே எல்லை. ஆகவே சுருளுக்குக் குறுக்கே 1என்4007 இருவாயி, கோடுள்ள முனை நேர்ப்பக்கமாக. அதுமட்டும் இருந்தால் மின்னோட்டம் மெதுவாகத் தணிந்து, அடுத்து வரும் காந்தத்துக்குத் தடையாகும். இருவாயியுடன் தொடராக, எதிர்த்திசையில் 24 வோல்ற்று சேனர் இருவாயியைச் சேர்ப்பதே அழகான தீர்வு: 12 வோல்ற்று மின்கலத்தில் உச்சம் ஏறத்தாழ 37இல் நிற்கும், சக்கரமும் தடையின்றி ஓடும்.

காந்தம் ஆளியின்மேல் வந்து சக்கரம் நின்றுவிட்டால் சுருள் ஓயாமல் சூடேறும். அதற்கு மின்கலத்தருகே ஓர் உருகி வேண்டும்.