பாகன் பேசாத பயணம்

வேந்தன் வினை முடித்து ஊர் திரும்பும் தலைவன், தலைவியை நினைத்துத் தான் படும் பாட்டை வழியில் தேர்ப்பாகனிடம் சொல்லித் தேரை விரைந்து செலுத்தச் சொல்வது முல்லைத்திணையில் நிலைபெற்ற ஒரு துறை. தொல்காப்பியக் கற்பியல், தலைவன் கூற்று நிகழும் இடங்களுள் பாகரிடம் பேசுவதையும் சேர்த்திருக்கிறது. ஐங்குறுநூற்றில் பேயனார் இதற்கென்றே ‘தேர்வியங்கொண்ட பத்து’ (481–490) பாடியிருக்கிறார். நற்றிணையிலும் அகநானூற்று முல்லைப் பாடல்களிலும் இத்துறை திரும்பத் திரும்ப வருகிறது. இவற்றுக்கு இன்று மேடைகளிலும் விளக்கவுரைகளிலும் ஒரு புதிய புகழ் சேர்ந்திருக்கிறது. தலைவனும் பாகனும் ஏற்றத்தாழ்வு மறந்து மனம் கலந்தவர்கள், பிரிவுத்துயரைப் பங்கிட்டுக்கொள்ளும் நட்புக்கு இவையே இலக்கணம் என்கிறார்கள். பாடல்களில் இல்லாத ஒன்றை இந்தப் பாராட்டு அவற்றின் மேல் ஏற்றிவைக்கிறது.

துறையின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. ஓடும் தேரிலிருந்து பார்ப்பதால் காடு துண்டு துண்டாகக் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு காட்சியும் ஏக்கத்தைக் கூட்டுகிறது. மருதன் இளநாகனார் பாடிய நற்றிணை 21-இல், மழை பெய்து ஈரமான மண்ணைக் கிளறி எடுத்த புழுவோடு கானக்கோழி தன் பெடையைப் பார்த்து நிற்கிறது. தலைவன் அதைப் பாகனுக்குக் காட்டுகிறானே தவிர, தன் துயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாம் விளங்கிவிடுகிறது. இந்தச் சிக்கனத்துக்கு ஈடு அரிது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இப்பாடல்களில் பாகன் விளிக்கப்படுகிறான், ஏவப்படுகிறான். அவனிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. அவனும் அதே பாசறையில் அதே கார்காலம் வரை காத்திருந்தவன். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே ஒருத்தி வழி பார்த்திருப்பாள் என்ற எண்ணம் தலைவனுக்கு எழுவதில்லை. நற்றிணை 21-இல் கால் தளர்ந்த இளம் வீரர்களுக்காவது, விரும்பியபடி மெல்ல வரலாம் என்ற சலுகை கிடைக்கிறது. பாகனுக்குக் கிடைப்பது, அதுவரை குதிரைமேல் படாத தாற்றுமுள்ளைப் பயன்படுத்தச் சொல்லும் கட்டளை. குடவாயில் கீரத்தனாரின் அகநானூறு 44-இல் சோழன் பெரும்பூட்சென்னி கழுமலத்தைக் கைப்பற்றிய போருக்கு இடம் இருக்கிறது. பாகனின் மனைக்கு இல்லை. ஐங்குறுநூற்றுப் பத்தில் தலைவியின் துயர் தீர வேண்டும், தலைவன் அவளைத் தழுவ வேண்டும், அதற்காகத் தேர் ஓட வேண்டும். அந்தப் பத்துப் பாடல்களிலிருந்தும் பாகனை விளிக்கும் சொல்லை நீக்கிவிட்டுத் தலைவன் குதிரையிடம் பேசுகிறான் என்று வைத்துக்கொண்டாலும் பெரிதாக எதுவும் குறையாது. இதை நட்பு என்பது நட்பை மலிவாக்குவது.

இது அறக்குறை மட்டும் அன்று, கவிதைக்குறையும் ஆகும். அகப்பாடல்களில் ஏக்கம் உயிர்பெறுவது அதை எதிர்த்து இன்னொரு குரல் எழும்போதுதான். தலைவிக்குத் தோழி இருக்கிறாள். குறுந்தொகை 66-இல் கோவதத்தனாரின் தோழி, இது கார்காலமே அன்று, கொன்றைதான் ஏமாந்து பூத்துவிட்டது என்று தலைவியிடம் வாதாடுகிறாள். அந்தப் பொய்யில் இருக்கும் அன்பு, தலைவியின் துயரை இருமடங்காக்கிக் காட்டுகிறது. களவில் தலைவனுக்குப் பாங்கன் இருக்கிறான். குறுந்தொகை 58-இல் பாங்கன் இடித்துரைத்ததால்தான், வெயில் காயும் பாறையில் உருகும் வெண்ணெயைக் கையில்லாத ஊமை கண்ணாலேயே காக்கும் காட்சி வெள்ளிவீதியாருக்குக் கிடைத்தது. ஆள் எவரும் உடன் இல்லாதபோதும் எதிர்க்குரல் எழக்கூடும்: நற்றிணை 284-இல் திரும்பிப் போ என்று நெஞ்சும், எடுத்த வினையை முடி என்று அறிவும் இழுக்க, இரண்டு களிறுகள் பற்றி இழுக்கும் தேய்ந்த கயிறாகத் தலைவனின் உடம்பு நைகிறது. சொந்த நெஞ்சுக்கும் அறிவுக்கும் இருக்கிற எதிர்த்துப் பேசும் உரிமை, கூடவே வரும் மனிதனுக்கு இல்லை. அதனால்தான் பாகனிடம் சொல்லப்படும் ஏக்கம், எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

இதற்கு மரபைக் காட்டி விடை சொல்வார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் களவில் அறுவருக்கும், கற்பில் அவர்களோடு இன்னும் அறுவருக்கும் கூற்றுரிமை தருகிறது. அந்தப் பன்னிருவரில் பாகன் இல்லை; எனவே அவன் மௌனம் புலவரின் குற்றமன்று என்பது வாதம். வாதம் பாதி வழிதான் வரும். கூற்றுரிமை இல்லாதவர் சொல்லைப் பிறர் எடுத்துச் சொல்வதற்கு அதே இலக்கணம் இடம் தருகிறது. ஊராரும் அயலாரும் தலைவியின் தந்தையும் தமையனும் அவ்வழியில்தான் பாட்டுக்குள் வருகிறார்கள். பாகனையும் அப்படிக் கொண்டுவந்திருக்கலாம்.

கொண்டுவந்தவர்களும் உண்டு. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அகநானூறு 384-இல், தேரில் ஏறியதைத் தவிர வந்த வழி எதையும் தலைவன் அறியவில்லை. பாகன் இறங்கச் சொன்ன பிறகே வீடு வந்தது அவனுக்குத் தெரிகிறது. குதிரைக்குப் பதில் காற்றைப் பூட்டினாயா, உன் மனத்தையே பூட்டினாயா என்று வியந்து பாகனைத் தழுவி, விருந்தாக வீட்டுக்குள் அழைத்துப் போகிறான். பாகன் பேசியது ஒரே ஒரு சொல். அதற்குள் அவன் ஆளாகிவிடுகிறான். கட்டளைப் பத்தைப் பாடிய பேயனாரே குறுந்தொகை 400-இல் பாகனைச் சிந்திக்க வைக்கிறார். நெடுவழியில் போனால் தலைவியின் துயரை இன்றைக்குள் களைய முடியாது என்று அவன் தானாக எண்ணி, மேட்டை உடைத்துக் கரம்பு நிலத்தில் புதுவழி காண்கிறான். தலைவன் அவன் அறிவைப் புகழ்கிறான்.

இரண்டுமே ஊர் வந்து சேர்ந்த பின் நிகழ்பவை. ஏக்கம் தணிந்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவன் கண்ணில் படுகிறான். ஏங்குகிறவனின் காது அடைத்துப்போவது இயல்புதானே என்று கேட்கலாம். இயல்புதான். ஆனால் மாசாத்தியார் அந்தச் செவிட்டுத்தன்மையை அறிந்து அதையே பாட்டாக்கினார். மற்றவர்கள் அறியாமல் அதற்குள்ளேயே நின்றுவிட்டார்கள். பயணத்தின் நடுவே பாகனின் நெஞ்சைத் தொட்டிருந்தால் முல்லைக்கு இன்னொரு பரிமாணம் கிடைத்திருக்கும். அந்த வாய்ப்பைச் சங்கப் புலவர்கள் பெரும்பாலும் தவறவிட்டார்கள்.

முல்லைப் பாடல்களைத் தொகுத்துப் பாடமாக வைப்பவர்கள், நட்பின் பெயரால் தேர்வியங்கொண்ட பத்தை முன்னிறுத்துவதை விட்டு, அகநானூறு 384-ஐயும் குறுந்தொகை 400-ஐயும் முதலில் வைக்க வேண்டும்.