கீரன், பாரி, கவின்: பிரிட்டனில் பிறக்கும் மகனுக்குப் பெயர் தேடுவோருக்கு

1872இல் பிறந்த தம் மகனுக்கு டாக்டர் கிருஷ்ணதன் கோஷ் வைத்த பெயர் அரவிந்த அக்ராய்டு கோஷ். அக்ராய்டு என்பது அவர் மதித்த அனெட் அக்ராய்டு என்ற ஆங்கிலப் பெண்மணியின் குடும்பப் பெயர். ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பையன் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் அந்தப் பெயரோடுதான் படித்தார், பின்னாளில் அதைக் கைவிட்டார். புதுச்சேரி அறிந்த அரவிந்தரின் பெயரில் அக்ராய்டு கிடையாது.

இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்படி ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும் வழக்கம், ஆக, நேற்று வந்ததல்ல. கேம்பிரிட்ஜில் மருத்துவராக இருந்த வங்காளியான உபேந்திர கிருஷ்ண தத்துக்கும் அவருடைய சுவீடன் நாட்டு மனைவிக்கும் பிறந்த மூத்த மகன் கிளெமென்ஸ், இளையவர் 1896இல் பிறந்த ரஜனி. ஒரு பிள்ளைக்கு ஐரோப்பா, ஒரு பிள்ளைக்கு இந்தியா என்று பங்கு பிரித்த அந்த முதல் மரபை இன்றும் கலப்பு மணக் குடும்பங்களில் பார்க்கலாம். இளையவர்தான் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான ரஜனி பாமி தத்.

இரண்டாவது மரபு சுருக்கல். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் குடியேறியவர்களுக்கு அதை வைத்தது பெற்றோர் அல்ல, வேலையிடம். சாமிநாதன் சாம் ஆனார், ஹரிஹரன் ஹாரி ஆனார். லண்டன் காவல்துறையில் உயர்பதவி வகித்த நீல் பாசுவின் இயற்பெயர் அனில். 1943இல் யார்க்‌ஷயரில் கிருஷ்ண பண்டிட் பன்ஜியாகப் பிறந்த நடிகர், வாய்ப்புக் கிடைக்காது என்று அஞ்சிப் பென் கிங்ஸ்லி ஆனார். உலகப் புகழ் அவருக்குக் காந்தியாக நடித்ததில்தான் வந்தது. இந்த மரபை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தலைமுறை தன் பெயரைக் கொடுத்துத்தான் சோறும் வீடும் சம்பாதித்தது.

மூன்றாவது, முன்னால் ஆங்கிலப் பெயர், பின்னால் நம் பெயர். கிராலியில் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ரொமேஷ் ரங்கநாதனின் முதற்பெயர் ஜொனாதன். ஊர் அறிந்ததோ ரொமேஷ். இரண்டு பெயர் கொடுத்தால் பிள்ளை ஒன்றைத்தான் உடுத்திக்கொள்ளும், மற்றது கடவுச்சீட்டில் கிடக்கும். எது கிடக்கப்போகிறது என்பது பெற்றோர் கையில் இல்லை என்பதால் இந்த முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு.

நான்காவதுதான் நம் இளம் பெற்றோர் இன்று அதிகம் தேடுவது: ஒலி ஒன்றாக அமையும் பெயர். நீல், ரோஹன், கிரண், ஜெய் என்று ஒரு பட்டியல் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. அருண் என்றால் ஆங்கிலேயருக்குப் புதிதல்ல, சசெக்ஸில் அருண் என்றே ஓர் ஆறு ஓடுகிறது. ஆனால் இந்தப் பட்டியலோடு தமிழ்க் குடும்பங்கள் நின்றுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். நம் மொழியின் பழைய பெயர்கள் குறியவை, வல்லோசை குறைந்தவை. சங்கப் புலவர் நக்கீரரின் பெயரிலுள்ள கீரனை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் புனிதர் ஒருவரின் பெயராக வழங்கி, பிரிட்டன் வகுப்பறைகளிலும் சாதாரணமாகக் கேட்கும் பெயரின் உச்சரிப்பும் ஏறக்குறைய கீரன்தான். எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பெயருக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டுக் குடும்பப் பெயர் ஒன்று இருக்கிறது. 1788இல் சென்னைக்கு வந்த வணிகர் தாமஸ் பாரியின் பெயரைத்தான் பாரிமுனை என்று நாம் இன்றும் சொல்கிறோம். கவின் அழகைக் குறிக்கும், கெவின் என்ற ஐரிஷ் பெயரின் வேரிலும் அழகு உண்டு. (கெவின்கள் இங்கே இப்போது ஐம்பது அறுபது வயதுக்காரர்கள், அதனால் வகுப்பில் கவின் ஒருவனாகத்தான் இருப்பான்.) கீழடிப் பானையோட்டில் கீறப்பட்டிருக்கும் ஆதனை ஆங்கிலப் பிள்ளைகள் ஏடன், ஈதன் வரிசையில் தயங்காமல் சேர்த்துக்கொள்வார்கள்.

ஐந்தாவது மரபு எதையும் வளைக்காமல் நம் பெயரையே வைப்பது. 1980இல் சவுத்தாம்ப்டனில் பிறந்த ரிஷி, 2022இல் பிரதமரானார், எழுத்து ஒன்றையும் மாற்றவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் வருகைப் பதிவேட்டில் நம் பெயரைக் கண்டு தயங்கிய ஆசிரியர்கள், இப்போது முதல் நாளே பெற்றோரிடம் உச்சரிப்பைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஆகவே எழிலன், மகிழன் என்று ழகரத்தோடு வைப்பவர்களை நான் தடுப்பதில்லை. ழகரம் லகரமாகிவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எந்த மரபானாலும் என் அளவுகோல் ஒன்றுதான்: யாழ்ப்பாணத்திலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வீடியோவில் கூப்பிடும் அப்பம்மாவும், வகுப்பில் கூப்பிடும் ஆசிரியரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். எண் சோதிடத்துக்காக நடுவில் ஒரு எச்சும் கடைசியில் இரண்டு ஏயும் சேர்த்தால் அந்த ஆசிரியர் தோற்றுப்போவார். ஹர்ஷித், அக்‌ஷித் போன்றவற்றின் முடிவு ஆங்கிலச் செவிக்கு வசை, பள்ளி முற்றத்தில் அதன் வலியைச் சுமப்பது பிள்ளை. மறுபுறம், ஆலிவரைச் செல்லமாகச் சுருக்கினால் பாட்டி காதில் ஒல்லி என்று விழும்.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்குள்ள கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. அதைச் சொல்லாமல் ஊர்ச் சோதிடரிடம் நேரம் கொடுத்தால் பாதம் மாறலாம், பாதம் மாறினால் எழுத்தும் மாறும். ரோகிணிக்கு ஒ, வ, வி, வு என்று நான்கு பாதத்துக்கு நான்கு எழுத்து.

குடும்பப் பெயரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நமக்கு அது பெரும்பாலும் தகப்பன் பெயர். சிவசுப்பிரமணியத்துக்கு முன்னால் நிற்கப் பாரி போதும், அங்கே விஷ்ணுவர்தன் வேண்டாம். அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒரே குடும்பப் பெயரில் இருக்கத் தாத்தா பெயரை நிலைப்படுத்துகிற வீடுகளும் பெருகி வருகின்றன, அது நல்ல வழக்கம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பைப் பதிய 42 நாள் உண்டு, ஸ்காட்லாந்தில் 21 நாள். முப்பத்தொன்றாம் நாளில் பெயர் வைக்கிற வீட்டுக்கு 42 நாள் போதும். அதுவரை மனத்திலுள்ள பெயரை மாடிப்படியின் கீழே நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள், பாட்டியையும் பக்கத்து வீட்டு ஆங்கிலேயரையும் கூப்பிடச் சொல்லுங்கள். பதிந்த பிறகும் மனம் மாறினால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 மாதத்துக்குள் முதற்பெயரைத் திருத்தச் சட்டம் இடம் தருகிறது.