முருகனும் மின்சாரக் கிதாரும்

பக்திப் பாட்டு என்றால் அது சாத்வீகமாக இருக்கவேண்டும், கேட்கிறவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நம்மில் பலருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சுசீலா ராமனின் 'வேல்' என்ற இசைத்தட்டு (2011) இந்த அபிப்பிராயத்துக்கு நேர் விரோதமானது. அதனாலேயே அதைப்பற்றி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சுசீலா ராமன் 1973-ல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்; ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர்; சிறு வயதிலேயே கர்நாடக சங்கீதம் பயின்றவர். அவருடைய கோஷ்டியில் பல தேசத்தாரும் உண்டு. கிதார் வாசிக்கும் ஸாம் மில்ஸ் ஆங்கிலேயர். முதல் இசைத்தட்டான 'ஸால்ட் ரெயின்' (2001) பிரிட்டனில் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. தியாகராஜரின் 'நகுமோமு' அதில் இருக்கிறது. இனிமையான பாட்டுத்தான். ஆனால் அந்த இனிமையில், பெரியவர் வீட்டுக் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் விருந்தாளியின் கூச்சம் இருந்தது.

பத்து வருஷங்களுக்குப் பிறகு வந்த 'வேல்' தட்டில் அந்தக் கூச்சம் போய்விட்டது. 'பால்', 'என்னப்பனே' என்ற இரண்டு முருகன் பாட்டுக்களையும் கேட்டால் இது தெரியும். கச்சேரி மேடையை விட்டு, காவடிக் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார் சுசீலா. குரல் கெஞ்சுகிறது, அதட்டுகிறது, சில இடங்களில் பிளந்துவிடுகிறது. சங்கீத விமர்சகர் இதைக் குறை என்பார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் பம்பையும் உடுக்கையும் முழங்கும்போது யாரும் சுருதி பார்ப்பதில்லை.

"முருகனுக்கு மின்சாரக் கிதாரா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஜமெய்க்காத் தீவில் 1960-களின் கடைசியில் 'ரெகே' பிறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார், எஜமானர்களின் மத நூலான பைபிளிலிருந்தே விடுதலைச் செய்தியை எடுத்துத் தங்கள் தாளத்தில் பாடினார்கள். பாப் மார்லி அதை உலகமெங்கும் கொண்டுபோனார். நம்மவர்களும் மலாயாவுக்கும் மோரீசுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூலிகளாகப் போனபோது காவடியைக் கூடவே எடுத்துப்போனார்கள். பத்துமலைத் தைப்பூசம் அதற்குச் சாட்சி. கடல் தாண்டியதால் முருகன் குறைந்துவிடவில்லை. கிதாராலும் குறைந்துவிடமாட்டான்.

என் மனக்குறை வாத்தியத்தைப் பற்றியதல்ல, சொல்லைப் பற்றியது. இந்த மரபுக்கெல்லாம் தலைவர் பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர். அவருடைய சந்தத்தில் வல்லினமும் மெல்லினமுமே மத்தளம் வாசிக்கின்றன. எழுத்து மழுங்கினால் பாதி வாத்தியம் போச்சு. சுசீலாவின் தமிழில் எழுத்துக்கள் பல இடங்களில் மழுங்கித்தான் ஒலிக்கின்றன. ஆவேசம் இதை ஓரளவு மறைக்கிறது, முற்றும் மறைக்கவில்லை. அதே தட்டிலுள்ள ஆங்கிலப் பாட்டுக்களில் வார்த்தை தெளிவாக இருக்கிறது. ஆனால் யாரைக் கூப்பிடுகிறோம் என்ற உறுதி இல்லை. முருகனைப் பெயர் சொல்லி அழைக்கும்போது வருகிற உரிமை அங்கே வரவில்லை.

பிறகு அவர் பாகிஸ்தானின் கவாலிப் பாடகர்களோடு 'க்வீன் பிட்வீன்' (2014), ஜாவாவின் கமெலான் வாத்தியக்காரர்களோடு 'கோஸ்ட் கமெலான்' (2018) என்று வேறு திசைகளில் போய்விட்டார். கலைஞருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனால் எனக்கு வருத்தந்தான். அவருடைய குரலுக்குச் சரியான எதிராளி திருப்புகழ். எங்கள் பக்கத்துச் சிறுவாபுரி முருகன்மேல்கூட அருணகிரியார் பாடியிருக்கிறார். தமிழ் எழுத்துக்களோடு இன்னும் சில வருஷங்கள் மல்லுக்கட்டிவிட்டு அவர் அதைப் பாடியிருக்கலாம்.

ஆனாலும், நம் வீடுகளில் காலையில் காப்பியோடு ஒலிக்கும் பக்திப் பாட்டு நம்மை எதுவும் கேட்பதில்லை. 'பால்' என்ற அந்தப் பாட்டு கேட்கிறது. காலையில் வேண்டாம், ராத்திரி, வேலையெல்லாம் முடிந்தபின் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.