பன்றிக்குக் காய்ச்சல் வந்தது யாரிடமிருந்து?

"பன்றிக் காய்ச்சல்" என்ற சொல்லோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை. உலக சுகாதார நிறுவனம் 2009 ஏப்ரல் 30 அன்றே அந்தப் பெயரைக் கைவிட்டது. நம்மூர்ச் செய்திகள் இன்னும் விடவில்லை. எங்கே எச்1என்1 கேஸ் வந்தாலும், பக்கத்தில் சாக்கடையோரம் நிற்கிற ஒரு பன்றியின் படம். திண்டிவனத்தில் ஒரு டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தபோது கடைக்காரர் சொன்னார்: "பன்னிங்கள ஊர விட்டுத் தொரத்துனா பாதிக் காய்ச்சல் போயிடும் சார்." அவரைக் குறை சொல்ல முடியாது. பெயர் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறது.

ஆனால் பக்கத்திலேயே, இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. 2013-ல் 'எமர்ஜிங் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்' இதழில் வந்த சின்னக் கட்டுரை. இலங்கையில் பிறந்து ஹாங்காங்கில் பணியாற்றும், சார்ஸ் வைரஸ் ஆய்வால் பெயர்பெற்ற மாலிக் பீரிஸும் எழுதியவர்களில் ஒருவர். இறைச்சிக்கூடங்களுக்கு வந்த பன்றிகளிடம் மாதிரி எடுத்தார்கள். முந்தைய சேகரிப்பில் எச்3என்2 பரவலாக இருந்தது. 2009–10, 2011–12 சேகரிப்புகளில் 2009-ன் எச்1என்1. மனிதர்களிடம் கிடைத்த வைரஸ்களோடு ஒப்பிட்டுப் பார்த்து அவர்கள் வந்த முடிவு: எச்1என்1 மனிதர்களிடமிருந்து பன்றிகளுக்குத் தாவியிருக்கிறது. அதுவும் ஒருமுறை அல்ல.

திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கிட் பயன்படுத்துகிற சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். மெயின் பிராஞ்சிலிருந்து நாலு பேர் வெவ்வேறு தேதிகளில் கிளை பிரிக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு கிளையிலும் அது பிரிந்த நாள் வரைக்குமான மாற்றங்கள் மட்டும் இருக்கும். வைரஸும் பெருகும்போதெல்லாம் எழுத்துப்பிழை விடுகிறது. பிழைகள் அப்படியே வாரிசுகளுக்குப் போகின்றன. பன்றி வைரஸ்கள் பரந்த கொத்தாக இருந்து, அதன் நடுவிலிருந்து மனித வைரஸ்கள் முளைத்திருந்தால் பன்றியைச் சந்தேகிக்கலாம். மாறாக, மனித வைரஸ்களின் மரத்தில் பன்றி வைரஸ்கள் அங்கொரு கொப்பிலும் இங்கொரு கொப்பிலுமாகத் தொற்றிக்கொண்டு நின்றால்? மெயின் பிராஞ்ச் நாம்தான்.

கட்டுரையில் எனக்கு ஒரு குறை உண்டு. இறைச்சிக்கூடத்து மாதிரி, அன்றைக்கு அங்கே வந்த பன்றியின் நிலையைத்தான் காட்டும். எந்தப் பண்ணையில் யார் இருமினார்கள் என்பதைக் காட்டாது. தெருவில் மேய்கிற பன்றி அந்தக் கணக்கிலேயே வராது. திசைக்கு சாட்சி வலுவாக இருக்கிறது, வழிக்கு இல்லை. வழியைப் பார்க்க நார்வேக்குப் போகணும். அதுவரை பன்றிகளிடம் இன்ஃப்ளூயன்சாவே இல்லாத அந்த நாட்டில், 2009 அக்டோபரில் பன்றிகளிடம் எச்1என்1 வந்தது. ஆட்களுக்குச் சளிக்காய்ச்சல் இருந்த பண்ணைகளில்தான் பன்றிகளுக்கும் தொற்று அதிகம் என்று பிறகு நடந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டிலும் அதே 2009-ல் உத்தரப் பிரதேசப் பன்றிகளிடம் எச்1என்1 கிடைத்தது. மனிதர்களிடம் பரவிய வைரஸுக்கு அது நெருங்கிய உறவு.

மறுதரப்பையும் சொல்லிவிடணும். 2009 வைரஸின் பூர்வீகம் மெக்சிகோப் பன்றிகள்தான். ஆனால் அது 2010-லிருந்து வருஷா வருஷம் வந்துபோகிற சாதாரண மனித ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது. இன்று விழுப்புரத்தில் ஒருத்தருக்கு அது வந்தால், பெரும்பாலும் பஸ்ஸிலோ ஆபீஸிலோ பக்கத்தில் இருந்தவர் கொடுத்தது. அமெரிக்காவில் 2009 முதல் 2021 வரை சுமார் 370 முறை அது மனிதரிடமிருந்து பன்றிக்குப் போயிருக்கிறது என்று 2023-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பன்றிக்குள் போனது அங்கேயே மாறி, சில நேரம் நம்மிடமே திரும்புகிறது. பயப்பட வேண்டிய இடம் இதுதான். அதற்கும் முதல் கதவைத் திறப்பது நாம்.

எகிப்து 2009 ஏப்ரலில், நாட்டில் ஒரு கேஸ்கூட உறுதியாகாதபோதே, சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. அழிந்தது கெய்ரோவில் குப்பை பொறுக்கி, அதில் பன்றி வளர்த்துப் பிழைத்தவர்களின் வருமானம். எச்1என்1 எப்படியும் வந்தது. நம்மூரிலும் பன்றி வளர்ப்பவர்கள் யார், அவர்கள் சொல்லுக்கு நகராட்சியில் என்ன மதிப்பு என்று விளக்கத் தேவையில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் பன்றிக்கு நிஜமாகவே பங்குள்ள நோய் வேறு: ஜப்பானிய மூளைக்காய்ச்சல். வயல் தண்ணீரில் பெருகும் கொசு, கொக்கு, பன்றி என்று சுற்றும் வைரஸ் அது. பன்றியின் உடலில் நன்றாகப் பெருகும், கொசு வழியாக நமக்கு வரும். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு இது பழக்கமான நோய். குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. வீட்டுப்பக்கம் பன்றி அடைக்காதே என்று இதற்காகச் சொன்னால் நான் தலையாட்டுவேன். ஃப்ளூவுக்காகச் சொன்னால் மாட்டேன்.

இந்தக் குழப்பம் போதாதென்று ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் செத்தது அதனால்தான். ஃப்ளூவுக்குச் சம்பந்தமே இல்லாத வைரஸ், மனிதருக்கு வராது. தமிழில் மட்டும் இரண்டும் "பன்றிக் காய்ச்சல்".

சுகாதாரத் துறையிடம் நான் எதிர்பார்க்கிற நோட்டீஸ் இரண்டே வரி: சளி, காய்ச்சல் இருக்கும்போது பன்றிக் கொட்டகைக்குப் போகாதீர்கள். பன்றி வளர்ப்பவர்கள் வருஷம் ஒருமுறை ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். அந்த 'இலவசம்' இல்லாமல் ஒட்டுவதாக இருந்தால் ஒட்டவே வேண்டாம்.