கத்தி இயந்திரத்தின் கையில்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமப் புத்தக நிலையத்தில் ‘நான் யார்?’ என்றொரு சிறு நூல் கிடைக்கும். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்க, மௌனத்திலிருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களின் தொகுப்பு அது. உடம்பு நான் அல்ல என்பது அதில் முதல் படி. அந்தப் படியிலேயே இடறி விழுந்த கொலைகாரன் ஒருவன் ஐசக் அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1954) நாவலில் வருகிறான். முடிச்சு இங்கே அவிழப்போகிறது. நாவலைப் படிக்க இருப்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

அறிவியல் கதையில் துப்பறிதல் எடுபடாது என்று நினைத்தவர் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பல். கதாசிரியன் மாட்டிக்கொண்டால் புதுக் கருவி ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிவிடுவானே என்பது அவர் வாதம். அசிமோவ் நாவலாலேயே பதில் சொன்னார். ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யாது என்ற விதியை 1942லேயே அவர் வகுத்திருந்தார். பூமிவாசிகளோ திறந்தவெளியைக் கண்டாலே நடுங்குபவர்கள். அப்படியானால் விஞ்ஞானி ஒருவரைக் கொன்ற துப்பாக்கி அந்த வெளியைக் கடந்தது எப்படி? எதற்கென்று தெரியாமலே ஒரு ரோபோ சுமந்து போயிருக்கிறது. கொலைகாரன் சுட நினைத்தது அந்த விஞ்ஞானியை அல்ல, அவர் சாயலில் செய்யப்பட்ட டேனீல் என்ற ரோபோவை. கொலைகாரனின் மூக்குக்கண்ணாடி உடைந்துபோக, ஆள் மாறிவிட்டது.

விதியை முதலிலேயே வாசகனிடம் சொல்லிவிட்டு ஆடும் நேர்மை இந்த வகைக் கதையின் பெரும் பலம். ஆனால் மூளையை அளந்து ‘இவரால் திட்டமிட்டுக் கொல்ல முடியாது’ என்று சொல்லும் திறனை டேனீலுக்குக் கொடுத்தபோது, கேம்பல் சொன்ன அதே சட்டைப்பைக்குள் அசிமோவும் கைவிட்டுவிட்டார்.

தமிழுக்கு வந்தால் சுஜாதா. துப்பறியும் கணேஷ்–வசந்த்தைப் படைத்தவர், தொழிலால் பொறியாளர். துப்பறிதலையும் அறிவியலையும் இணைக்க அவரைவிடத் தகுதியானவர் இல்லை. ‘என் இனிய இயந்திரா’வில் நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். நாட்டை ஆளும் ஜீவா யார் என்ற மர்மமும் இருக்கிறது. ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, கிண்டலடிக்கிறது, வாசகர் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதனால் எது முடியும், எது முடியாது என்ற எல்லை வாசகனுக்குத் தெரிவதில்லை. அதனால் ஜீனோ தப்பிக்கும்போது கைதட்டலாம், முன்கூட்டி ஊகிக்க முடியாது. ஜீவா வெறும் ஹோலோகிராம் பிம்பம் என்று தெரியவரும் திருப்பம் அரசியல் நையாண்டியாகப் பிரமாதம். புதிராகப் பார்த்தால் சுமார்தான்.

‘எந்திரன்’ (2010) படம், இயந்திரம் கொல்லுமா என்ற கேள்வியைக் கூர்மையாகவே தொடங்கியது. ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ரோபோ சிட்டி, சொன்னதும் தன்னைப் படைத்தவரையே குத்தத் தயாராகிறது. அந்தச் சோதனைக் காட்சி ஒரு நல்ல கொலைக்கதைக்கான விதை. படம் அதைக் காதலுக்கும் துப்பாக்கிப் பந்துக்கும் செலவழித்தது. கடைசியில் சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்ள, தண்டனை இயந்திரத்தோடு முடிந்துவிடுகிறது.

நிஜத்தில் அப்படி முடிவதில்லை. 1979இல் அமெரிக்காவின் ஃபோர்டு வார்ப்பாலை ஒன்றில் ரோபோ கை மோதித் தொழிலாளி இறந்தார். 2015இல் ஹரியானாவின் மானேசரிலும் ஓர் உயிர் போனது. இத்தகைய சாவுகளில் பாதுகாப்பு வேலி எங்கே, யார் பொறுப்பு என்று விசாரணை மனிதர்களை நோக்கித்தான் போகிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கார் ஆலைகளில் ரோபோக்கள் மனிதர்களோடு வேலை செய்யும் தமிழ்நாட்டில், இதைக் களமாக்கி விதி பிசகாமல் எழுதப்பட்ட கொலைநாவல் ஒன்று வரட்டும். ஜீனோ அளவுக்கு அதில் வரும் ரோபோ பேசாவிட்டாலும் பரவாயில்லை.