தேவியின் 'நான்'

விக்கா மரபில் பூசாரிணி ஆவதற்கான பயிற்சி, கையால் பார்த்து எழுதுவதில் தொடங்குகிறது. இலங்கையிலும் மலாயாவிலும் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய ஜெரால்ட் கார்ட்னர் பரப்பிய மரபு இது. மூன்று படிகள். முதல் படியில் கண்ணைக் கட்டி, கைகளைக் கயிற்றால் பிணைத்து, வட்டத்துக்குள் கொண்டுவந்து சத்தியம் வாங்குகிறார்கள். பிறகு, தீட்சை தந்தவரிடம் இருக்கும் 'நிழல்களின் புத்தக'த்தைத் தன் நோட்டில் எழுதிக்கொள்ளவேண்டும். வட்டம் இடுவது, திசைகளை அழைப்பது, கத்தியைப் பிடிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்து வருகிறவள் இவளுடைய நோட்டைப் பார்த்து எழுதுவாள்.

பயிற்சியின் உச்சம் 'நிலவை இறக்குதல்'. பூசாரி அழைக்க, பூசாரிணியின்மேல் தேவி இறங்குகிறாள். இறங்கியபின் அவள் பேசவேண்டிய பேச்சும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. 'தேவியின் கட்டளை' என்று பெயர். பேச்சு முழுவதும் தன்மையில். நான் இம்மரபைச் சேர்ந்தவனல்ல, சேரும் உத்தேசமும் இல்லை. ஆனால் மனப்பாடம் செய்த வரிகளில் 'நான்' என்று சொல்பவள் யார் என்ற கேள்வி, கவிதை படிக்கிற எவனுக்கும் சொந்தமான கேள்வி.

டோரீன் வேலியன்டே கார்ட்னரிடம் தீட்சை பெற்றது 1953-ல். அப்போது வயது 31. புத்தகத்தைப் படித்தவருக்குச் சில வரிகள் எங்கோ ஏற்கெனவே கேட்டவையாகப் பட்டன. அலெஸ்டர் க்ரௌலியின் வரிகள்! வேறு சில, லேலண்டின் 'அராடியா'வில் (1899) இருந்து வந்தவை. பல நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்தது என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பிரதி இது. இளம் சிஷ்யை ஒருத்தி இப்படிப்பட்ட இடத்தில் செய்யக்கூடியவை இரண்டு: வாயை மூடிக்கொள்வது, அல்லது எழுந்து போய்விடுவது. வேலியன்டே இரண்டையும் செய்யவில்லை. கார்ட்னரிடமே நேராகச் சொன்னார். தனக்குக் கிடைத்தவை துண்டு துணுக்குகள்தான், இட்டு நிரப்பவேண்டியிருந்தது என்று கார்ட்னர் சமாதானம் சொன்னார். உன்னால் முடிந்தால் நீ இதைவிட நன்றாக எழுது என்றும் சொன்னார்.

எழுதினார். முதலில் செய்யுளில். குழுவினருக்கு அது வாயில் சரியாக வரவில்லை. பிறகு வசனத்தில் எழுதினார். அதுதான் இன்றுவரை நிற்கிறது. இரண்டையும் படித்துப் பார்த்திருக்கிறேன். செய்யுள் இயைபுக்காக வளைந்து கொடுக்கிறது. வசனத்தில் மூச்சு விழவேண்டிய இடத்தில் விழுகிறது. நின்றுகொண்டு, உரக்க, பிறர் முன்னால் சொல்வதற்கான வாக்கியங்கள். க்ரௌலியின் பெயர் கெட்டுப்போயிருந்த காலம்; அவருடைய வரிகளைக் களைவதே நோக்கம். இருந்தும் அவருடைய சில சொற்றொடர்களை விட்டுவைத்தார். கொள்கைக்காகக் காதைப் பலி கொடுக்கவில்லை என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கண்கட்டும் கயிறும் வாள்முனையும் கொடுக்காத ஒரு தகுதியை இந்தக் காது அவருக்குக் கொடுத்தது. ஆனால் தானே அடித்துத் திருத்திய வரிகளை, நிலவு இறங்கியவளாக நின்று எப்படிச் சொல்வது? இது வெறும் நாடகம் என்றார், இதைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்த ஒரு நண்பர். அவர் கவிதை எழுதுகிறவர் என்பதால் எனக்கு ஆச்சரியம். பத்துத் தடவை திருத்திய வரி, பதினோராவது தடவை உரக்கப் படிக்கையில் எழுதியவனை விட்டு விலகி நிற்பதை அவர் அறிந்ததில்லையா? வேலியன்டேயிடம் நான் குறை காண்பது வேறிடத்தில். அந்தப் பேச்சு வருஷக்கணக்காக ஆசிரியர் பெயரின்றி நோட்டுக்கு நோட்டு தாவியது. பலர் அதைத் தொன்மையானது என்றே நம்பினார்கள். அவர் இன்னும் முன்னதாக, இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

தொன்மை பற்றிய சரித்திரச் சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் ஒரு பழைய மதத்தைக் காத்தவர்கள் என்று மார்கரெட் மரே 1921-ல் எழுதியதைச் சரித்திரக்காரர்கள் நிராகரித்துவிட்டார்கள். விக்கா இருபதாம் நூற்றாண்டுச் சிருஷ்டி என்பதை ரொனால்ட் ஹட்டன் 1999-ல் விரிவாகக் காட்டிவிட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1957. கார்ட்னர் பத்திரிகைக்காரர்களிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது குழுவில் சச்சரவாக முற்றியது. வேலியன்டேயும் வேறு சிலரும் நடத்தை விதிகள் எழுதி அவர்முன் வைத்தார்கள். விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று கார்ட்னர் பழைய சட்டங்கள் என்ற ஒன்றை எடுத்து நீட்டினார். பழைய ஆங்கிலம் போல ஜோடிக்கப்பட்ட பாஷை. அதில் ஒரு விதி: மூத்த பூசாரிணி, காலம் வரும்போது, இளையவளுக்கு முகம் சுளிக்காமல் இடம் விட்டு விலகவேண்டும். வேலியன்டேக்கு அப்போது 35. கார்ட்னர் எழுபதைத் தாண்டியவர். அவர் விலகுவது பற்றிய விதி ஏதும் எனக்குத் தென்படவில்லை. இத்தனை நாள் இந்தச் சட்டங்கள் எங்கே இருந்தன என்று கேட்டுவிட்டு வேலியன்டே வெளியேறினார்.

இரண்டுமே இட்டுக்கட்டியவைதாம். முதலாவதைத் திருத்த உட்கார்ந்தவர், இரண்டாவதைத் திருத்தவே முனையவில்லை. முதலாவது ஒரு தொண்டையைத் தேடிய பேச்சு. இரண்டாவது, அந்தத் தொண்டையை அடைப்பதற்கான உத்தரவு. யார் வாயிலிருந்தும் வராத வாக்கியங்கள். அதைக் காதால் கண்டுகொள்ள 1953-ல் கற்றது போதுமானதாக இருந்தது.

கலிஃபோர்னியாவில் ஸ்டார்ஹாக் 1979-ல் வெளியிட்ட 'தி ஸ்பைரல் டான்ஸ்', பயிற்சிகளை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டது: மூச்சை நிதானப்படுத்து, முதுகெலும்பை மரமாக நினை, வேரைப் பூமிக்குள் இறக்கு. படிக்கச் சற்று அலுப்பு. ஆனால் 1989 பதிப்பில், ஆண்-பெண் துருவங்கள் பற்றித் தான் முன்பு எழுதியதைத் தானே குறிப்புகளில் மறுக்கிறார். பயிற்சிகளைவிட இந்தக் குறிப்புகளை நான் விரும்பிப் படித்தேன்.

வேலியன்டேயிடம் திரும்புகிறேன். தன்னைச் சேர்த்துக்கொண்டவராகக் கார்ட்னர் சொல்லிவந்த டோரதி என்ற மூதாட்டி கற்பனைப் பாத்திரம் என்ற சந்தேகம் எழுந்தபோது, 1980-ல் வேலியன்டே பதிவேடுகளைத் தேடப் புறப்பட்டார். சண்டை போட்டு வெளியேறி இருபது வருஷங்களுக்கு மேல். கார்ட்னரும் 1964-லேயே இறந்துபோயிருந்தார். டோரதி கிளட்டர்பக் 1880-ல் வங்காளத்தில் பிறந்தவர், 1951-ல் இறந்தவர் என்று ஆதாரத்தோடு கண்டுபிடித்து, 1984-ல் வேறொருவர் புத்தகத்துக்கு அனுபந்தமாக எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் இருந்தார் என்பது நிரூபணமாயிற்று. கார்ட்னருக்குத் தீட்சை தந்தாரா என்பதற்குப் பதிவேட்டில் இடமில்லை.